அமராவதி எண்ணிய பாடல்கள்

கவிச்சக்கரவர்த்தி கம்பருக்கு அம்பிகாபதி என்னும் மைந்தன் ஒருவன் இருந்தான் என்றும், அவன் சோழ மன்னன் மகளாகிய அமராவதியின்மீது காதல் கொண்டான் என்றும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஒரு கதை வழங்கி வருகின்றது. அக்காதலை அறிந்து வெகுண்ட மன்னன் ஒரு நிபந்தனை விதித்தான். அவை நடுவே, சிற்றின்பம் சிறிதும் கலவாமல், நூறு பாடல்களை அம்பிகாபதி பாடுதல் வேண்டும். பாடி முடித்தால் அமராவதி அவனுக்கு உரியவள். தவறினால் அவன் உயிர் மன்னனுக்கு உரியது.

அம்பிகாபதி பாடத் தொடங்கினான். அமராவதி மறைவில் இருந்து பாடல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். முதலில் அவன் பாடிய கடவுள் வாழ்த்து கணக்கில் சேராது என்பதனை அவள் உணரவில்லை. அதனையும் கூட்டி, நூறு நிறைந்தது எனக் கொண்டு, ஆர்வம் தாங்கமாட்டாமல் வெளியே வந்து நின்றாள். அவள் முகத்தைக் கண்ட அம்பிகாபதியும், போட்டி முடிந்தது என்றே கருதி, அவள் அழகைப் புகழ்ந்து பாடிவிட்டான். அதுவே நூறாவது பாடல் ஆயிற்று. அவன் கொலைக்களம் புகுந்தான். அவளும் உயிர் நீத்தாள்.

இது செவிவழிக் கதையே. வரலாறு என்று கொள்ளத்தக்க சான்று இதற்கு இல்லை. கம்பர் வாழ்ந்த காலம் ஒன்பதாம் நூற்றாண்டா, பன்னிரண்டாம் நூற்றாண்டா என்பதிலேயே அறிஞர் கருத்து வேறுபடுவர். தந்தையின் காலமே இவ்வாறிருக்க, மகனின் காதலுக்கு ஆண்டு குறிப்பது எங்ஙனம்? எனினும் மக்கள் இக்கதையை விடவில்லை. நாடக மேடையில் கண்டனர். பின்னர்த் திரையிலும் கண்டனர்.

1937ஆம் ஆண்டில் ‘அம்பிகாபதி’ திரைப்படமாக வெளிவந்தது. அதனை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். தமிழ்ப்படங்கள் பலவற்றை வெளியூர்ப் படப்பிடிப்பு நிலையங்களுக்குச் சென்று எடுத்த காலம் அது. இப்படமும் கல்கத்தாவில் எடுக்கப்பெற்றது. எம். கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாகவும், எம். ஆர். சந்தானலட்சுமி அமராவதியாகவும் நடித்தனர். மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி விடியலில் பஜனை பாடிச் சென்றவராகிய பாபநாசம் சிவன் பாடல்களை இயற்றினார். பக்திப் பாடல்களுக்குப் பெயர்பெற்ற அப்பெரியாரே காதலர்க்கும் பாட்டு எழுதினார் என்பது இங்கே கருதத்தக்கது.

டங்கனுக்கு அம்பிகாபதியின் கதையைக் கேட்டவுடன் ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நினைவிற்கு வந்தது. அந்நாடகத்தின் காட்சிகளைத் தழுவிக் காதற்பகுதிகளை எழுதுமாறு அவர் உரையாடல் ஆசிரியரைத் தூண்டினார். அவ்வாசிரியர் இளங்கோவன். ‘மணிக்கொடி’ எழுத்தாளர் குழுவைச் சேர்ந்த இவர் எழுதிய உரையாடல், அந்நாளைய படங்களுக்குப் புதுமையாக இருந்தது. அதுவரை பாட்டைக் கேட்பதற்கே கொட்டகைக்குச் சென்றவர்கள், இப்படத்திலிருந்து பேச்சையும் செவிகொடுத்துக் கேட்கத் தொடங்கினர். ஐந்தாண்டு கழித்து அவர் எழுதிய ‘கண்ணகி’ வெளிவந்தபோது, உரையாடலுக்காகவே படம் பார்க்கும் வழக்கம் நன்கு வேரூன்றிவிட்டது.

படம் பெருவெற்றி பெற்றது. அதனைக் குறை கூறினோரும் இருந்தனர். காதலர் இருவரும் அவ்வளவு நெருங்கி நின்று பேசுதல் நம் நாட்டு மரபுக்கு ஒவ்வாது என்பது அவர்தம் குறை. அயல்நாட்டு இயக்குநர் தம் நாட்டுப் படங்களின் முறையை இங்கே புகுத்திவிட்டார் என்று அவர்கள் எண்ணினர். இக்குறையை முற்றும் தள்ளுதற்கில்லை. ஆயினும் களவொழுக்கத்தைப் பாடிய அகப்பாடல்களைப் போற்றும் நாட்டில், காதலைக் காட்டியதே குற்றம் என்று சொல்லுதல் பொருந்தாது. எவ்வளவு காட்டலாம் என்பதே வழக்காகும்.

இனி, கதையின் முடிவைக் கருதுவோம். கொட்டகைக்குள் நுழைந்தவர்களில் பெரும்பாலோர்க்கு அம்பிகாபதியின் முடிவு முன்னமே தெரியும். பாட்டியர் வாய்க் கேட்டிருப்பர், அல்லது நாடகத்தில் கண்டிருப்பர். முடிவு தெரிந்த கதையைக் கண்டு கண்ணீர் விடுவது ஏன்? மறைபொருளை அறியும் விருப்பமே மக்களைக் கதை பார்க்க இழுக்கின்றது என்றால், தெரிந்த கதையை எவரும் மீண்டும் பார்க்கமாட்டார் அன்றோ?

தமிழ் இலக்கண நூலார் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓரியலே அமைத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறினார். அவ்வியலுக்கு உரை எழுதிய இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய நாடக நூலின் கருத்து ஒன்றை எடுத்துக்காட்டுவர். நடிப்பவன் செய்வது காண்பவரிடம் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்பது அதன் கருத்து. ஆகவே மெய்ப்பாட்டிற்கு மேடை மட்டும் போதாது. எதிரே இருப்பவரின் உள்ளமும் வேண்டும்.

அவ்வுள்ளம் வெறுமையாக இருப்பதில்லை. அமராவதி எண்ணத் தொடங்கும்போது, கதை தெரிந்தவர் உள்ளத்தில் வேறொரு கணக்கு ஓடுகின்றது. அவளுக்குத் தெரியாதது இவருக்குத் தெரியும். அவள் ஐம்பது என்றால் அது நாற்பத்தொன்பது என்று இவர் அறிவார். அவள் முகம் மலர மலர இவர் நெஞ்சு கலங்குகின்றது. ஒரு சொல் சொன்னால் போதும், இரண்டு உயிர்கள் பிழைக்கும். அதனைச் சொல்ல வழியில்லை. கொட்டகைகளில் இத்தகைய இடங்களில் வாய்விட்டுக் கூவி எச்சரிப்போரும் உண்டு. அவரைக் கண்டு நகைப்பவர், தம் உள்ளம் வாய்திறவாமல் கூவுவதை உணர்வதில்லை. கதை தெரியாதவர்க்கு முடிவில்தான் துன்பம். தெரிந்தவர்க்கோ முதற்பாட்டிலேயே துன்பம் தொடங்கிவிடுகின்றது.

ஷேக்ஸ்பியர் நாடகத்திலும் இவ்வாறே சிறியதொரு தடை பெருங்கேட்டை விளைக்கின்றது. ஜூலியட் உண்மையில் இறக்கவில்லை என்ற செய்தியைத் தாங்கிய கடிதம் ரோமியோவுக்குச் சேரவில்லை. அதனைக் கொண்டு சென்றவர், கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் அடைபட்டார். இரு குடும்பங்களின் பகையும் அங்கே உண்டு. மன்னனின் சினமும் இங்கே உண்டு. அவற்றைக் கண்டு நாம் வெகுள்கிறோம். ஆனால் அழுவது, சேராத கடிதத்தையும் தவறிய எண்ணையும் கண்டே. இரண்டனுள் அமராவதியின் தவறே நெஞ்சை மிகுதியும் வருத்துவது. கடிதம் பிறரால் தடைப்பட்டது. இவளோ, அவனைக் காக்கும் ஆசையினாலேயே ஓர் எண்ணை மிகுதியாக எண்ணினாள்.

இருபதாண்டு கழித்து, 1957ஆம் ஆண்டு அக்டோபரில், இக்கதை மீண்டும் திரைக்கு வந்தது. ப. நீலகண்டன் இயக்க, சிவாஜி கணேசனும் பானுமதியும் காதலராக நடித்தனர், எம். கே. ராதா கம்பராகத் தோன்றினார். அக்காலத்தில் மயிலாப்பூரில் கபாலி, காமதேனு என்றும், தியாகராயநகரில் ராஜகுமாரி என்றும் கொட்டகைகள் இருந்தன. அவை இன்று படம் காட்டும் இடங்களாக இல்லை. பழைய படத்தைப் பார்த்த முதியோர் பாகவதரின் குரலை எண்ணினர்; இளையோர் சிவாஜியின் நடிப்பை எண்ணினர். இவ்வகை வழக்குகள் தீர்ந்ததாக எங்கும் செய்தி இல்லை.

இரு படங்களிலும் நகைச்சுவைப் பகுதியில் நடித்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். பின்னைய படம் வெளிவருமுன் 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் அவர் காலமானார். அவர் மறைந்து இரண்டு திங்கள் நிறையவில்லை. திரையில் உயிரோடு நின்று பேசினார். நகைப்பதற்கென்று அமைத்த காட்சி அது. இறுதி ஊர்வலத்தைக் கண்டு வந்த மக்களுக்கு அது நகையை மட்டும் தந்திருக்கும் என்று கூற இயலுமா? நடித்தவர் செய்தது நகை. கண்டவரிடம் சென்று சேர்ந்தபோது அதனோடு அழுகையும் கலந்தது. செயிற்றியத்தின் கருத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1969 ஜனவரியில் தியாகராயநகரில் அவர் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார்; அதற்கு அடுத்த திங்களே அண்ணாவும் மறைந்தார்.

1957ஆம் ஆண்டுப் படத்தில் அம்பிகாபதி முதலில் பாடும் கடவுள் வாழ்த்து, முருகனைப் போற்றும் பாடலாகும். கே. டி. சந்தானம் இயற்ற, ஜி. ராமநாதன் இசையமைக்க, டி. எம். சௌந்தரராஜன் பாடினார். மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் வாழ்ந்தவர் அவர், 2013இல் மறைந்தார். 2023இல் அங்குள்ள சாலை ஒன்றிற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. அப்பாடல் படத்தினின்றும் பிரிந்து தனியே வாழத் தொடங்கிவிட்டது. வானொலியில் ஒலித்தது; கோயில் விழாக்களிலும் இல்லங்களிலும் பக்திப் பாடலாகவே கேட்கப்பட்டு வருகின்றது. கேட்டுக் கைகூப்புவோரில் பலர், அமராவதி கணக்கில் சேர்த்துவிட்ட பாடல் இதுதான் என்பதை நினைப்பதில்லை.