கல்லாவில் முந்நூறு குறைகிறது

கேள்வி:

போடியில், மூணாறு போகிற ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். மளிகைதான். கூடவே ஏலக்காய், மிளகு, டீத்தூள் என்று மலைக்குப் போய் வருகிற கார்க்காரர்கள் வாங்குகிற சாமான். காலை எட்டு மணிக்குத் திறந்தால் சாத்துவதற்கு ராத்திரி பத்தாகும். மூன்று பையன்கள் நிற்கிறார்கள். மூத்தவனுக்கு 17, மற்ற இருவருக்கும் 16. சின்னவர்களில் ஒருவன் முந்தல் பக்கம். அப்பா இல்லை. அம்மா விடியக் காலையில் ஜீப் ஏறி மேலே தோட்ட வேலைக்குப் போகிறவர். பத்தாவதில் கணக்கில் போய்விட்டது என்று வந்து சேர்ந்தான். ஏழெட்டு மாதம் தங்கமாக இருந்தான்.

தீபாவளிக்குப் பிறகு கல்லாவில் இருநூறு, முந்நூறு குறைய ஆரம்பித்தது. ஏலக்காய்ப் பையில் எடை நிற்பதில்லை. போன வாரம் குடோனில் மூட்டையை நகர்த்தினால் இடுக்கில் கூல் லிப் பொட்டலங்கள், காலி மாத்திரை அட்டை இரண்டு, ஒரு சிரிஞ்சு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கேட்டால் ஆளாளுக்கு "நானில்லண்ணே" என்கிறார்கள். மூத்தவன் மட்டும் தனியாக வந்து முந்தல் பையனைக் கைகாட்டினான்.

என் தம்பி, "நாலு அறை விட்டு ஸ்டேஷன்ல ஒப்படைண்ணே" என்கிறான். வீட்டில், "அவன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பிருங்க, நமக்கெதுக்கு வம்பு" என்கிறார். இரண்டுக்கும் மனசு ஒப்பவில்லை. எனக்கும் அதே வயதில் மகன் இருக்கிறான். கணக்கு தெரியட்டும் என்று மூத்தவனுக்கும் முந்தல் பையனுக்கும் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஒரு கடைக்காரர், போடிநாயக்கனூர்

பதில் (இளைஞர் நீதிக் குழுமம் ஒன்றில் சமூகப் பணியாளர் உறுப்பினராக இருந்தவர்):

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், சம்பளத்தை நிறுத்தி வைத்திருப்பதாக. அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் சாட்சியே தேவைப்படாமல், செய்தவரே ஒப்புக்கொண்டிருக்கும் குற்றம் அது ஒன்றுதான். 18 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைத்து, அது உழைத்த கூலியைப் பிடித்து வைத்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனாலும் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். எண்ணிக் கையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் குழுமத்தில் இருந்தபோது ஒரு செல்போன் கடைப் பையனைக் கொண்டுவந்தார்கள். கல்லாவில் கைவைத்தான் என்று புகார். அவன் சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. தேதி போட்டு, எடுத்த தொகையை எல்லாம் எழுதிவைத்திருந்தான். கீழே கோடு போட்டு, முதலாளி தர வேண்டிய நாலு மாதச் சம்பளத்தில் அதைக் கழித்து, இன்னும் எவ்வளவு வரவேண்டும் என்று பாக்கியும் போட்டிருந்தான். எடுத்தது திருட்டு இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் சம்பளம் நின்ற வீட்டில் கல்லாவின் மேல் கண் போகும். உங்கள் முந்தல் பையன் இதுவரை எடுக்காமலே இருந்திருந்தாலும் இந்த இரண்டு மாதத்தில் எடுத்திருப்பான்.

அடுத்தது நேரம். 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களை மளிகைக் கடையில் வைத்துக்கொள்ளச் சட்டம் தடை சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016இல் திருத்தப்பட்ட பிறகு, அவர்களுக்கென்று நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இடைவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். தொடர்ந்து மூன்று மணி நேரம் நின்றால் ஒரு மணி நேரம் ஓய்வு. மாலை ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கிடையாது. வாரம் ஒரு நாள் முழு விடுப்பு. உங்கள் கடையோ பதினான்கு மணி நேரம் திறந்திருக்கிறது. யார் எப்போது போகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரை இழுப்பவர் யார் என்று ஊகிக்க எனக்குக் கஷ்டமில்லை. தம்பி சொன்னபடி ஸ்டேஷனுக்குப் போனால் எழுத்தர் முதலில் எழுதப்போவது பையனின் வயதும் அவன் கடையில் நின்ற நேரமும்தான்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கூல் லிப்புக்கும் இந்த நேரக் கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது. தேயிலைப் பையைச் சுருக்கி விரல் நகம் அளவுக்கு ஆக்கினால் எப்படியிருக்கும், அப்படி ஒரு வெள்ளைப் பொட்டணம். உள்ளே புகையிலை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் புகையில்லை, துப்ப வேண்டியதில்லை, வாடிக்கையாளருக்குச் சாமான் கட்டிக்கொண்டே வைத்திருக்கலாம். பசி தெரியாது, தூக்கம் வராது, கால் வலி மறந்திருக்கும். மதியம் மூன்றரைக்குச் சாப்பாடு, நடுவில் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை என்கிற கடையில் இது வேகமாகப் பரவும். (ஸ்டூல் சட்டப்படியே போட வேண்டியது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 'அங்காடித் தெரு' படம் வந்து பதினோரு வருஷம் கழித்து!) மெல்லும் புகையிலைக்கும் குட்காவுக்கும் இங்கே 2013 முதல் தடை இருக்கிறது. 2024 செப்டம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவியிருப்பதைப் பார்த்து, நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்றே கேட்டது. ஆகவே இது உங்கள் குடோனில் மட்டும் முளைத்த விஷயமில்லை. பையனின் கீழுதட்டை மடக்கிப் பாருங்கள். உள்புறம் வெள்ளையாகத் தடித்திருந்தால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மாத்திரை அட்டையும் சிரிஞ்சும்தான். இதையும் கூல் லிப்பையும் ஒரே கூடையில் போட்டு "போதை" என்று பேசுவது தப்பு. சளியையும் நிமோனியாவையும் ஒன்றாகப் பேசுகிற மாதிரி. அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். டேப்பென்டடால் என்று இருந்தால், அது அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கடும் வலிக்கும் டாக்டர் சீட்டோடு மட்டுமே தர வேண்டிய மாத்திரை. இதே ரகத்தில் டிராமடால் என்றொரு மாத்திரையை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். உடனே கள்ளச் சந்தை அந்தச் சட்டத்துக்குள் வராத டேப்பென்டடால் பக்கம் திரும்பிக்கொண்டது. தமிழ்நாட்டில் பையன்கள் இதைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். விழுங்குவதற்குச் செய்த மாத்திரையில் மாவும் பசையும் உண்டு. அது ரத்தக் குழாயை அடைக்கும், கை புண்ணாகும், வலிப்பு வரும், மூச்சு அடங்கும். ஒரே ஊசியை இரண்டு பேர் போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி வரைக்கும் போகும்.

யார் போடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சட்டைப் பையைத் துழாவ வேண்டாம். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடிக்காமல் நிற்பது யார்? சரக்கு கிடைக்காத நாளில் கொட்டாவி ஓயாது, மூக்கு ஒழுகும், உடம்பு புல்லரிக்கும், வயிற்றால் போகும், காலை மடக்கி மடக்கி நீட்டுவான். பார்ப்பவர்கள் ஜலதோஷம் என்று நினைத்துச் சுக்கு மல்லி காப்பி கொடுப்பார்கள். இப்படி இருப்பவனை வீட்டில் பூட்டிவைத்துத் தெளியவைப்பது ஆகாத காரியம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். உடம்பு முறுக்கைத் தணிக்க மருந்து உண்டு, ரத்தப் பரிசோதனையும் அங்கேயே ஆகும். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 14446, போதை மீட்புக்கான இலவச எண். அந்தச் சிரிஞ்சைக் கையால் தொடாதீர்கள். இடுக்கியால் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, போடி அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள்.

இப்போது தம்பியின் யோசனை. நாலு அறை விட முதலாளிக்கோ, அண்ணனுக்கோ, ஊர்ப் பெரியவருக்கோ எந்த உரிமையும் கிடையாது. பொறுப்பில் இருக்கும் பிள்ளையை அடித்தால் மூன்றாண்டு வரை சிறை என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. போலீஸ் வழி வேறு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவரிடம்தான் பேச வேண்டும். பிள்ளையை லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். இப்படிச் சின்னத் திருட்டுக்குப் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். போடாமல் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்ப நிலவரத்தை எழுதி அனுப்புவார்கள். நாங்கள் கண்டித்து அனுப்பியிருக்கிறோம், ஆலோசனைக்கு அனுப்பியிருக்கிறோம், நூலகத்தில் புத்தகம் அடுக்க வைத்திருக்கிறோம். பிற்காலத்தில் வேலைக்குப் போகும்போது இது குறுக்கே வராது. முந்நூறு ரூபாய்க்காக அந்த வாசல் வரை போவதா என்பதை நீங்கள் யோசியுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம்.

ஆனால் போலீஸுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, அது பையன்களைப் பற்றியதே இல்லை. ஏலக்காய்ப் பையில் எடை நிற்பதில்லை என்றீர்கள். 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய் அது. சாதாரண நாளில் கிலோ 2,500 என்று வைத்தாலும், கால்சட்டைப் பையில் கொள்ளும் 100 கிராம் 250 ரூபாய். போடியில் சட்டையில் ஏலக்காய் வாசம் வருவது சாட்சியாகாது, ஊரே அப்படித்தான் மணக்கிறது. ஆனால் கடைப் பையன் கொண்டுவரும் நூறு கிராமைக் கேள்வி கேட்காமல் எடைபோட்டு வாங்குகிற ஒருவர் உங்கள் தெருவிலேயே, ஒருவேளை உங்களுக்கு வணக்கம் வைப்பவராகவே, இருக்கிறார். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு மாத்திரை கொடுப்பவர் இன்னொருவர். இரண்டு பேரும் 18 வயதைத் தாண்டிப் பல வருஷம் ஆனவர்களாக இருப்பார்கள். திருட்டுப் பொருளை வாங்குவது தனிக் குற்றம். பிள்ளைக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தாலும், பிள்ளையை விட்டுப் போதைப் பொருளைக் கடத்தினாலும் ஏழாண்டு வரை கடுங்காவல்.

அந்தக் கடத்தல் விஷயம் உங்கள் ஊருக்கு ரொம்பப் பக்கம். போடிமெட்டு பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் கேரளம். செக்போஸ்ட்டில் காரை நிறுத்துவார்கள், மளிகைப் பையோடு ஜீப்பில் தொற்றி நிற்கும் கடைப் பையனை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். "பூப்பாறையில ஒருத்தர்ட்ட இதைக் குடுத்திருடா தம்பி" என்று ஐம்பது ரூபாய் கொடுத்தால் போதும். ஆகவே உங்கள் பையன்களை வெளியாட்கள் யாரும் சின்னச் சின்ன வேலைக்கு அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். துப்பறியப் போகாதீர்கள். தெரிந்ததை 10581 என்ற போதைப்பொருள் புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

மூத்தவன் தனியாக வந்து சின்னவனைக் கைகாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாத்திரைக்கு அடிமையான பையன் தன் செலவைக் கட்ட இன்னொருவனைப் பழக்கி, அவன் மூலமாகப் பணம் திரட்டுவது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், சாப்பிட்ட பிறகு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. "நீதானே எடுத்தே?" என்று ஆரம்பித்தால் "நானில்லண்ணே" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "குடோன்ல ஊசி கிடந்துச்சுப்பா. யாரு போட்டாலும் எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அன்றைக்கு ஒன்றும் பேசமாட்டான். இரண்டு நாள் கழித்து ஷட்டர் பக்கம் வந்து நிற்பான்.

வீட்டில் சொன்னபடி அம்மாவைக் கூப்பிடத்தான் வேண்டும், வேலையை விட்டு அனுப்புவதற்காக அல்ல. தோட்டத்திலிருந்து ஜீப் இறங்கிய களைப்போடு வருபவரைக் கடைவாசலில் நிறுத்தி, வாடிக்கையாளர் காதுபட மகனைத் திருடன் என்று சொன்னால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக்காரம்மாவை அழைத்துக்கொண்டு நீங்களே முந்தலுக்குப் போங்கள். கணக்கில் தவறியதைத் தனித்தேர்வராக மறுபடி எழுத முடியும். எட்டாவது தேறியிருந்தாலே ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் உண்டு. ஆறு மணி நேர வேலை என்று ஆக்கிவிட்டால் படிக்கச் சாயங்காலம் கிடைக்கும். கல்லாவில் பையன்களை உட்கார வைக்காதீர்கள். ஏலக்காய்ப் பையைக் காலையிலும் மாலையிலும் அவர்கள் கண் முன்னால் எடைபோட்டு எழுதிவையுங்கள்.

இன்னொன்று. மூன்று பையன்கள் என்றீர்கள். மூத்தவனைப் பற்றியும் முந்தல் பையனைப் பற்றியும் எழுதினீர்கள். மூன்றாமவனைப் பற்றி, அவனுக்கும் 16 என்பதைத் தவிர, ஒரு வரிகூட இல்லை. அவன் சம்பளம் நிற்கவில்லை, அவன் மேல் சந்தேகமும் இல்லை. இன்றைக்கு மதியம் அவன் எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்று கேட்டுப் பாருங்கள்.