தந்தத்துக்குச் சீட்டு உண்டு

தாசேக் கெலுகோர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பேத்திக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியை இரண்டு தடவை பார்த்தேன். தத்துவஞானி புளோட்டினஸ் இந்தியாவுக்கு வந்து ரிஷிகளிடம் அத்வைதம் படித்தார், அதையே ரோமாபுரியில் தன் சரக்காக விற்றார் என்கிறார் அதில் பேசும் ஐயா. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மனுஷர் இந்தியாவுக்கே வரவில்லையே, கண்ணு!

வர ஆசைப்பட்டார், அது உண்மை. அவருடைய சீடர் போர்பிரி எழுதி வைத்திருக்கிறார். அலெக்சாந்திரியாவில் படித்துக்கொண்டிருந்தவர், பாரசீகர், இந்தியர் தத்துவத்தை நேரில் அறிய கி.பி. 243இல் ரோமப் பேரரசன் மூன்றாம் கோர்டியனின் படையோடு கிளம்பினார். மறு ஆண்டே மெசபட்டோமியாவில் மன்னன் மாண்டான். இவர் தப்பி அந்தியோக்கியாவுக்கு ஓடி, பிறகு ரோமில் குடியேறினார். சரி, அலெக்சாந்திரியாவிலேயே நம் கருத்து காதில் விழுந்திருக்கலாமே என்பாய். விழுந்திருக்கலாம். முசிறித் துறைமுகத்திலிருந்து அலெக்சாந்திரியாவுக்குப் போன தந்தம் முதலிய சரக்கு பற்றிய 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. தந்தத்துக்குச் சீட்டு உண்டு, வேதாந்தத்துக்கு இல்லை.

யாரிடம் படித்தார் என்பதை விட, சொன்னது நிற்குமா என்று பார்ப்போம். எல்லாவற்றுக்கும் மேலே ‘ஒன்று’. அதற்குப் பெயர் இல்லை, குணம் இல்லை, தேவையும் இல்லை. அது நிறைந்து வழிந்ததில் அறிவு தோன்றியது, அறிவிலிருந்து ஆன்மா, கடைசியில், ஒளி எட்டாத இருட்டாகச் சடப்பொருள். உள்முகமாகத் திரும்பினால் ஆன்மா வந்த வழியே ஏறி ‘ஒன்றில்’ கலக்கலாம். தாம் உடனிருந்த காலத்தில் குருவுக்கு நான்கு முறை அந்த அனுபவம் வாய்த்தது என்கிறார் போர்பிரி. தமக்கு ஒரே முறை, அதுவும் 68 வயதில்! இந்தக் கணக்கின் நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த அனுபவத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கலந்த உணர்வு ஒரு சங்கதி, உலகம் வழிந்து வந்தது என்பது வேறு சங்கதி. இரண்டாவதற்கு வாதம் வேண்டும். குறையே இல்லாதது ஏன் வழிய வேண்டும் என்று கேட்டால், சூரியன் தான் குறையாமல் ஒளி தரவில்லையா என்று உவமை சொல்கிறார். சூரியன் குறைகிறது, அம்மா. விநாடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் எடை இழக்கிறது என்று உன் இயற்பியல் புத்தகமே சொல்லும். உவமை தப்பானால் கொள்கை விழுந்துவிடாது. ஆனால் கொள்கையின் பாரத்தில் பாதியை இந்த உவமைதான் சுமக்கிறது.

நம் சைவ சித்தாந்தி மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் இந்த வழிக்கே போகவில்லை. அறிவே வடிவான இறைவனிடமிருந்து அறிவில்லாத உலகம் எப்படிக் கிளைக்கும்? குடம் மண்ணிலிருந்து வருகிறது, குயவனிலிருந்து அல்ல. ஆகவே பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றுமே அனாதி என்றது சைவ சித்தாந்தம். தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் புளோட்டினஸ் தடுமாறும் இடத்தில் இவர்கள் தடுமாறுவதில்லை. ஆனால் ‘அனாதி’ என்பதும் ஒரு வகையில் கதவைச் சாத்துவதுதான். தாத்தா சைவன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

இதெல்லாம் நமக்கு எட்டாத தூரத்துக் கதை என்று நினைக்காதே. புளோட்டினஸின் எழுத்தில் ஒரு பகுதி 9ஆம் நூற்றாண்டில் அரபிக்குப் போனது, அதுவும் அரிஸ்டாட்டில் பெயரில்! அந்தச் சிந்தனை சூஃபிகளின் கருத்தோடு கலந்து நமக்கு எதிர்க்கரைச் சுமத்ரா வரை வந்தது. கடலும் அலையும் வேறல்ல என்ற உவமையில் இறைவனையும் உலகையும் மலாய் மொழியில் பாடிய ஹம்ஸா பன்சூரியின் பெயரிலேயே ‘பன்சூர்’ இருக்கிறது. அது பாருஸ் ஊரின் பழம்பெயர். நம் ஐந்நூற்றுவர் வணிகர் 1088இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டியதும் அங்கேதான்.

1637இல் குஜராத்திலிருந்து சுமத்ராவின் ஆச்சேக்கு வந்த நூருத்தீன் அர்ரானிரி ஹம்ஸாவின் கொள்கையைக் கடுமையாக மறுத்து எழுதினார். மறுப்பைப் படித்துப் பார்க்கலாம், கூர்மையான ஆள். ஆனால் அவர் காலத்தில் ஹம்ஸாவின் நூல்களை எரிக்கவும் செய்தார்கள். எரித்த பிறகும் அந்தக் கவிதைகள் நம் கைக்கு வந்துவிட்டன.

காணொளி ஐயாவுக்குக் காரமாக எதுவும் எழுதிவிடாதே. முசிறி ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் கேட்டுப் பார். சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ஏறி வா. ஹம்ஸா பற்றி நகிப் அல்-அட்டாஸ் 1970இல் வெளியிட்ட புத்தகத்தை எடுத்து வைக்கிறேன். வரும்போது சூரியனுக்குப் பதிலாக, கொடுத்தும் குறையாத ஒன்றை உவமையாக யோசித்துக்கொண்டு வா. அறிவு என்று மட்டும் சொல்லாதே, அதை உன் அம்மா சின்ன வயதிலேயே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
தாத்தா