ஒரே மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது இல்லை. அதற்காக அவற்றை ஓரங்கட்ட வேண்டுமா? வேண்டாம். விண்டோஸை அழிக்காமலேயே அருகில் லினக்ஸை நிறுவலாம். இது நமக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.

கொல்லிமலையில் உள்ள எங்கள் பள்ளியில் இதைச் செய்த முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

முன்னேற்பாடு

மடிக்கணினி பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருள். எனவே தலைமையாசிரியரின் அனுமதி முதலில். அடுத்து, மாணவர் படைப்புகள், மதிப்பெண் பட்டியல்கள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகவே கூடாது.

லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு 2 ஜிபி நினைவகம் போதும்; 4 ஜிபி இருந்தால் நல்லது. அதன் ஐஎஸ்ஓ கோப்பு சுமார் 3 ஜிபி. மலையில் இணையம் விட்டுவிட்டு வருவதால் நாமக்கல்லில் பதிவிறக்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே கொண்டுவந்தோம். கோப்பு முழுமையாக இறங்கியதா என்பதைக் கீழேயே சரிபார்ப்பது நல்லது. இணையதளத்தில் தரப்பட்டுள்ள 64 எழுத்து எஸ்எச்ஏ-256 குறியீடும் நம் கோப்பின் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ரூஃபஸ் மென்பொருள் மூலம் அக்கோப்பை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து தொடங்காது. பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

1. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள்.
2. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்துங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அதன் கோப்புகளில் லினக்ஸால் எழுத முடியாது.
3. டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் ஷ்ரிங்க் வால்யூம் மூலம் குறைந்தது 30 ஜிபி காலியிடம் ஒதுக்குங்கள். ஒரே காட்டில் வரப்பு போட்டு இரண்டு பயிர் வைப்பது போன்றது இது.

நிறுவுதல்

பென்டிரைவைச் செருகி, கணினியை இயக்கியதும் எஃப்12 விசையைத் தட்டுங்கள். சில நிறுவனக் கணினிகளில் இது எஃப்9 ஆக இருக்கும். லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே இயங்கும். உடனே நிறுவாமல் வைஃபை, ஒலி, புரொஜெக்டர் இணைப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள். இதுவரை வட்டில் எதுவும் மாறியிருக்காது.

பிறகு நிறுவும்போது, ‘விண்டோஸுக்கு அருகில் நிறுவு’ எனப் பொருள்படும் தெரிவையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எரேஸ் டிஸ்க்’ என்பதைத் தொட்டால் விண்டோஸும் கோப்புகளும் போய்விடும். மழை வந்தால் மின்சாரம் நிற்கும் ஊர்களில் பேட்டரி முழுதாக ஏறிய பிறகே தொடங்குங்கள். முடிந்ததும், கணினி தொடங்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் தோன்றும்.

வகுப்பறையில்

சில கணினிகளில் இதன்பின் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் கணினியில் பதிவதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்வதும்தான் காரணம். லினக்ஸ் டெர்மினலில் ஒரு கட்டளையால் இதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் அதற்குமுன் குழந்தைகளிடம் காட்டுங்கள். “ஏன் சார் சரியா அஞ்சரை மணி நேரம்?” என்ற கேள்வி எழுந்தால், தீர்க்கக்கோடுகளும் இந்திய திட்ட நேரமும் அங்கேயே பாடமாகிவிடும்.

தமிழ்99 விசைப்பலகை, லிப்ரே ஆஃபிஸ், ஜியோஜீப்ரா ஆகியவற்றை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே பயன்படுத்தலாம். தட்டச்சுப் பயிற்சிக்கும் வடிவியல் வகுப்புக்கும் எங்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. உங்கள் பள்ளி அலமாரியில் மெதுவாக இயங்குகிறது என்று ஒதுக்கிவைத்த கணினி இருந்தால், முதலில் பென்டிரைவிலிருந்து மட்டும் லினக்ஸை இயக்கிப் பாருங்கள். நிறுவுவதா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.