வயித்தால போகுது... காரணம் பல்லா, தண்ணியா?

இந்த மாத நலவாழ்வுப் பாடம் வயிற்றுப்போக்கு பற்றியது.

குழந்தைக்கு வயித்தால போகுதுன்னா ஊரில் முதலில் வரும் பதில், "பல்லு முளைக்குது, அதான்." இல்லேன்னா, "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க." பல் முளைப்பதால் பேதி வருவதில்லை. ஆனால் அந்த ஆறேழு மாத வயதில்தான் குழந்தை தவழ ஆரம்பிக்கிறது. தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிறது. தாய்ப்பாலோடு மற்ற உணவும் அப்போதுதான் தொடங்குகிறோம். கிருமி உள்ளே போக வழி கிடைக்கிறது. பழி மட்டும் பல்லுக்கு!

கிருமி எங்கே இருக்கிறது? சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலும் மனித மலத்தில். தண்ணீர், கை, ஈ, சாப்பாடு வழியாக அது அடுத்தவர் வாய்க்குப் போகிறது. பச்சைக் குழந்தை மலம் ஒண்ணும் செய்யாதுன்னு குப்பையில் போடுகிறோம். அதிலும் நோய்க் கிருமிகள் உண்டு. அதையும் கழிப்பறையில்தான் போட வேண்டும். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை குழாய்க் குழியைப் பற்றித்தான். தண்ணீர் வேகமா வரலைன்னு பள்ளம் தோண்டி, குழாயை இறக்கி, குடத்தை உள்ளே வைத்துப் பிடிக்கிறோம். மழைத்தண்ணீர், சாக்கடை, ஆடு மாட்டு அசிங்கம் எல்லாம் அந்தப் பள்ளத்தில் தேங்குகிறது. தண்ணீர் விடுவதை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் குறையும். அப்போது பள்ளத்துத் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் மட்டும் போதாது. கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும். சோதித்தார்களா என்று கிராம சபையில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. மழைக்காலத்தில் குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

சரியாகக் கழுவாத பால் புட்டி, ஈ மொய்த்த பண்டம், வெளியிலேயே வைத்திருந்த பழைய குழம்பு, இவையும் காரணங்கள்தான். சிலருக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரையாலும் பேதி வரும். குழந்தைகளுக்கு வரும் கடுமையான பேதிக்கு ரோட்டா வைரஸ் ஒரு முக்கியக் காரணம். இதற்கான சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசம். 6, 10, 14-வது வாரங்களில் கொடுக்கிறார்கள். தவற விடாதீர்கள்.

"தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. உயிரைப் பறிப்பது உடம்பிலிருந்து நீரும் உப்பும் இறங்கிப் போவதே. பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சின்னப் பாக்கெட் என்றால் அதில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கிராம சுகாதார செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

கண் உள்ளே போய்விட்டால், குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், மலத்தில் ரத்தம் இருந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். வண்டி இல்லையென்றால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தெருவில் எத்தனை குழாய்க் குழி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.