கொழுத்த பிள்ளையெல்லாம் நலமான பிள்ளையா?



நாம் தராசு பிடித்துப் பிழைப்பவர்கள். எடை குறைந்தால் குற்றம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பிள்ளை விஷயத்தில் மட்டும், எடை எவ்வளவு ஏறினாலும் லாபம் என்றே எண்ணிவிடுகிறோம். அது தப்புக் கணக்கு என்பதே இம்மாதப் பாடமாகும்.

என் இளைய மகன் ஐந்தாம் மாதத்தில் கன்னம் தொங்கக் கொழுகொழுவென்றிருந்தான். கடைக்கு வந்தவர்கள் மெச்சினார்கள். அந்தப் பெருமையில், புட்டியில் பால்மாவை ஒரு கரண்டி கூட்டிப் போடச் சொன்னவன் நானே. இன்று அவனுக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்த ஒரு கரண்டிதான் முழுக் காரணம் என்று சொல்லவில்லை. ஆயினும் அன்று அறியாததை விசாரித்து அறிந்து எழுதுகிறேன்.

3 கிலோவில் பிறந்த பிள்ளை ஏறத்தாழ 5 மாதத்தில் இரு மடங்கும், ஒரு வயதில் மும்மடங்கும் ஆவது வழக்கம். முதல் 2 ஆண்டுகளில் மிதமிஞ்சிய வேகத்தில் எடை ஏறும் பிள்ளைகள், பின்னாளில் உடல் பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம்.

இதற்குக் காரணங்களில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, புரதச்சத்து. 100 மில்லி தாய்ப்பாலில் அது சுமார் 1 கிராம். பசும்பாலிலோ 3 கிராமுக்கு மேல். ஐரோப்பாவில் 5 நாடுகளில் பால்மா குடித்த குழந்தைகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். புரதம் மிகுந்த பால்மா குடித்தவர்களிடையே 6 வயதில் பருமன் மற்றப் பிரிவைவிட இரு மடங்குக்கு மேல் இருந்ததென 2014ல் வெளியிட்டார்கள்.

இரண்டாவது, பசியின் அளவு. தாய் மார்பில் குடிக்கும் பிள்ளை வயிறு நிறைந்ததும் தானே வாயை எடுத்துவிடும். புட்டியில் மீதி தெரிவதால், வீணாகிறதே என்று நாம் புகட்டிவிடுகிறோம்.

டின் பாலைப்பற்றிய எச்சரிக்கை நமக்குப் புதிதல்ல. 1939ல் சிங்கப்பூரிலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், சீனி கலந்த டின் பாலைச் சிசுக்களுக்குக் கொடுப்பதை "பாலும் கொலையும்" என்ற தலைப்பிட்டுக் கண்டித்துப் பேசினார். அன்று பிள்ளைகள் சத்தின்றி மாண்டன. இன்று அதே சீனி வேறு முகம் காட்டுகிறது.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியவை:

1. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. பிறகு மற்ற ஆகாரத்துடன் 2 வயதுவரை தாய்ப்பாலும் தொடரலாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் இதே இரண்டாண்டைத் திருமறையும் குறிப்பிடுகிறது.

2. பால்மாதான் கொடுக்க வேண்டுமென்றால் டின்னில் கண்ட அளவே போடுக. தலையைத் திருப்பும் பிள்ளைக்குப் புகட்டாதீர்.

3. 2 வயதுக்குள் இனிப்புப் பானம் வேண்டாம்.

4. ஒரு நாள் விற்பனையை வைத்து வியாபாரத்தை மதிப்பதில்லை. அதுபோலவே பிள்ளையின் எடையையும் மாதாமாதம் குறித்து, கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். குறை எடையில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு வேறு; அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இறுதியாக ஒன்று. நம் கடைத் தட்டிலுள்ள சீனிப்பால் டின் தேநீருக்கு உரியது. கைப்பிள்ளைக்கென்று எவரேனும் கேட்டு வந்தால், "இது பிள்ளைக்கு ஆகாதம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு டின் விற்காமற் போவதால் கடை நொடித்துவிடாது.