கட்டுரை அச்சேறும் முன்

ஒரு பல்கலைக்கழக மாணவர் ஓராண்டுக் காலம் முயன்று ஒரு புதிய உண்மையைக் கண்டறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய மடிக்கணினியிலேயே தங்கிவிட்டால் யாருக்குப் பயன்? ஆய்வின் முடிவைப் பிறர் படிக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், அதன் அடிப்படையில் அடுத்த ஆய்வைத் தொடங்க வேண்டும். இதற்காகவே ஆய்விதழ்கள் தோன்றின. 1665ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் தொடங்கிய அறிவியல் ஆய்விதழ் இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது.

பேராசிரியர்கள் மட்டுமே ஆய்விதழ்களில் எழுதுவதில்லை. முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கென்றே பல பல்கலைக்கழகங்கள் தனி இதழ்களை நடத்துகின்றன. சில இதழ்களில் பதிப்பாசிரியர்களும் மாணவர்களே. அமெரிக்காவின் ஹார்வர்ட் சட்டப் பள்ளி மாணவர்கள் 1887இல் தொடங்கிய சட்ட இதழை இன்றுவரை மாணவர்களே நடத்திவருகின்றனர். பின்னாளில் அமெரிக்க அதிபரான பராக் ஒபாமா, மாணவராக இருந்தபோது 1990இல் அவ்விதழின் தலைமைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்ப விரும்பும் மாணவர் முதலில் தம் ஆய்வுக்கு ஏற்ற இதழைத் தெரிவுசெய்ய வேண்டும். மொழியியல் கட்டுரையைப் பொருளியல் இதழுக்கு அனுப்பினால் அது படிக்கப்படாமலேயே திரும்பிவிடும். அடுத்து, அவ்விதழின் விதிமுறைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். சொல் வரம்பு, மேற்கோள் காட்டும் முறை, ஆய்வுச் சுருக்கத்தின் நீளம் ஆகியவை இதழுக்கு இதழ் வேறுபடும். பிறருடைய கருத்தைப் பயன்படுத்தினால், அது யாருடையது என்பதைக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாமல் விடுவது கருத்துத் திருட்டாகும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவதும் முறையன்று.

கட்டுரை வந்து சேர்ந்ததும் பதிப்பாசிரியர் அதை அத்துறை அறிந்த இருவர் அல்லது மூவரிடம் அனுப்புகிறார். இவர்களே மதிப்பீட்டாளர்கள். எழுதியவர் யார் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியாதபடி பல இதழ்கள் பெயரை நீக்கிவிடுகின்றன. மதிப்பிட்டவர் யார் என்பதும் எழுதியவருக்குத் தெரியாது. நட்போ பகையோ புகழோ முடிவைப் பாதிக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பதில் வரும். அனுப்பியபடியே ஒரு கட்டுரை ஏற்கப்படுவது அரிது. "சான்று போதவில்லை", "இந்த முடிவு எப்படிக் கிடைத்தது?" என்பன போன்ற குறிப்புகளோடு கட்டுரை திரும்பி வரும். முதன்முறை எழுதும் மாணவர் பலர் இந்தக் கட்டத்தில்தான் மனம் தளர்ந்துவிடுகின்றனர்.

மனம் கலங்குவது மாணவர் மட்டுமல்லர். உலகப் புகழ் பெற்றவரும் கலங்கியதுண்டு. 1936ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் அவருடைய உதவியாளர் நேத்தன் ரோசனும் அமெரிக்க இயற்பியல் இதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினர். ஈர்ப்பு அலைகள் உண்மையில் இல்லை என்பது அக்கட்டுரையின் முடிவு. அவ்விதழின் பதிப்பாசிரியர் ஜான் டேட் அதை ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டினார். அவரோ கணக்கில் பிழை இருப்பதாகப் பத்துப் பக்கக் குறிப்பு எழுதினார். ஐன்ஸ்டைன் சினமடைந்தார். அச்சிடுவதற்கு முன் கட்டுரையைப் பிறரிடம் காட்டத் தாம் அனுமதி தரவில்லை என்று பதில் எழுதி, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வேறோர் இதழுக்கு அனுப்பினார்.

அதற்குள் ஐன்ஸ்டைனே தம் வாதத்தில் இருந்த பிழையை உணர்ந்தார். 1937இல் அக்கட்டுரை வெளிவந்தபோது அதன் தலைப்பும் முடிவும் மாறியிருந்தன. பிழையைச் சுட்டியவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்னும் இயற்பியலாளர் என்பது 2005இல்தான் உறுதியானது. ஈர்ப்பு அலைகள் உண்மையாகவே உள்ளன என்பதை 2015 செப்டம்பர் 14ஆம் நாள் அமெரிக்காவில் உள்ள லைகோ ஆய்வுக்கருவிகள் முதன்முறையாகப் பதிவுசெய்தன. பழைய முடிவு அப்படியே அச்சேறியிருந்தால், பிழையான கருத்து ஒன்று ஐன்ஸ்டைனின் பெயரால் நிலைத்திருக்கக்கூடும்.

மதிப்பீட்டாளர் சொல்வதெல்லாம் சரி என்பது இதன் பொருளன்று. அவரும் தவறலாம். ஆகவே, திருத்திய கட்டுரையோடு மாணவர் ஒரு பதில் கடிதமும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் அதில் விடை இருக்க வேண்டும். ஏற்ற குறிப்பை எங்கே எப்படித் திருத்தினார் என்று காட்ட வேண்டும். ஏற்காத குறிப்பை ஏன் ஏற்கவில்லை என்று சான்றோடும் பணிவோடும் விளக்க வேண்டும். கட்டுரை மறுக்கப்பட்டாலும், கிடைத்த குறிப்புகளைக் கொண்டு செம்மைப்படுத்தி வேறோர் இதழுக்கு அனுப்பலாம்.

வகுப்பில் ஆசிரியர் சிவப்பு மையால் எழுதும் குறிப்பும் இத்தகையதே. அது எழுதியவரைக் குறைகூறுவதற்காக எழுதப்படுவதன்று. எழுத்தைச் சீர்செய்வதற்காக எழுதப்படுவது. அந்த வேறுபாட்டை உணர்ந்தவர், திரும்பி வந்த கட்டுரையைத் தூக்கி எறியமாட்டார். மீண்டும் எழுத உட்காருவார்.

சொற்பொருள்
ஆய்வுச் சுருக்கம் – கட்டுரையின் நோக்கம், முறை, முடிவு ஆகியவற்றைச் சில வரிகளில் கூறும் பகுதி
கருத்துத் திருட்டு – பிறர் கருத்தைத் தமதுபோல் காட்டுதல்
மதிப்பீட்டாளர் – கட்டுரையின் தரத்தை ஆராய்ந்து கருத்துரைப்பவர்

கேள்விகள்
1. எழுதியவரின் பெயரை மதிப்பீட்டாளருக்குத் தெரிவிக்காததன் நோக்கம் யாது?
2. ஐன்ஸ்டைன் தம் கட்டுரையைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம் என்ன?
3. மதிப்பீட்டாளரின் குறிப்பை ஏற்காத மாணவர் என்ன செய்ய வேண்டும்?
4. உன் கட்டுரைக்குக் கிடைத்த திருத்தக் குறிப்பு ஒன்றை நினைவுகூர்ந்து, அதனால் உன் எழுத்து எவ்வாறு மாறியது என்பதை 50 சொற்களில் எழுதுக.