பங்குக் கிணறும் கல்லூரிக் கணனியும்

"பிள்ளை கம்பசில கொம்பியூட்டர் படிக்குது. எங்களுக்கு அதில என்ன விளங்கப் போகுது, பாதர்?"

நலன்புரி நிலையங்களிலும், உறவினர் வளவுகளில் கொட்டில் போட்டு இருக்கும் குடும்பங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்து பிள்ளைகளை வளர்த்தவர்கள். காணியை விட்டு வந்தபின் கூலிக்குத் தோட்டம் கொத்திப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். பிள்ளை பல்கலைக்கழகத்துக்கோ தொழில்நுட்பக் கல்லூரிக்கோ போனதும், இனி அங்கு நடப்பது தமக்கு எட்டாத விடயம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

கணனியை எப்படி இயக்குவது என்று இப்பாடத்தில் நாம் சொல்லப் போவதில்லை. அதைப் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள். பலருக்குப் பொதுவான ஒரு பொருளைப் பொறுப்போடு பாவிப்பது எப்படி என்பதே இப்பாடம். இதில் விவசாயிக்குத் தெரியாதது மிகக் குறைவு.

1. பங்குக் கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி நிலத்தடியில் தங்குகிறது. அதைக் கிணற்றால் எடுத்தே பயிர் செய்கிறோம். ஆகவேதான் எமது காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் சேர்த்து எழுதப்படுகின்றன. துலா மிதித்த காலத்திலும், இயந்திரம் வைத்து இறைத்த காலத்திலும் பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருந்தது. தன் முறையில் இறைக்கலாம். மற்றவரின் முறையில் கை வைத்தால் வழக்குத்தான். மருந்து அடித்த தாங்கியைக் கிணற்றடியில் கழுவக்கூடாது. இவற்றை எவரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

கல்லூரியின் கணனி வலையமைப்பும் ஒரு பங்குக் கிணறே. நூற்றுக்கணக்கான கணனிகளும் கைத்தொலைபேசிகளும் ஒரே இணைப்பில் தொங்குகின்றன. அந்த இணைப்பின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. ஒரு மாணவர் அங்கிருந்து சினிமாப் படங்களை இறக்கிக்கொண்டிருந்தால், பக்கத்து மேசையில் பரீட்சைக்குக் கட்டுரை தேடும் மாணவிக்குப் பக்கம் திறக்காது. அவர் அவளிடம் எதையும் பறிக்கவில்லை என்றே நினைப்பார். மற்றவரின் இறைப்பு முறையில் தண்ணீர் எடுத்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

கிணறு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. சுன்னாகத்திலும் அயற் கிராமங்களிலும் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த கதையை நாம் அறிவோம். ஓரிடத்தில் நிலத்தில் சேர்ந்த கழிவு, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே பல வீட்டுக் கிணறுகளுக்குப் போயிற்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. நிலத்தடியில் கிணறுகள் தொடுத்திருப்பது போலவே வலையமைப்பில் கணனிகள் தொடுத்திருக்கின்றன. ஒன்றில் ஊற்றியது ஒன்றோடு நிற்பதில்லை.

2. இது எமக்கு எப்படி வந்தது?

திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்தில் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட அந்த நாட்களில், 1991இல், அங்கு கணனி விஞ்ஞானத் துறை ஆரம்பிக்கப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது மாணவரும் ஆசிரியரும் அந்தக் கூட்டத்தில் நடந்தார்கள்.

இலங்கையின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பு 'லேர்ன்' எனப்படுகிறது. 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கிய இது, 2020இல் கொரோனாவால் வகுப்புகள் மூடப்பட்டபோது பெரிதும் கைகொடுத்தது. அதன் வழியே மாணவர்கள் டேட்டாக் காசு கட்டாமல் விரிவுரைகளைக் கேட்க முடிந்தது. ஓலைக் கொட்டிலில் இருந்த பிள்ளையும் கொழும்பில் மாடி வீட்டில் இருந்த பிள்ளையும் ஒரே விரிவுரையைக் கேட்டனர். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது சிறிய உதவியன்று. இவ்வளவு இடரின் ஊடாக வந்த ஒரு பொதுச் சொத்தைக் கெடுக்காமல் காப்பது அதைப் பாவிப்பவரின் கடமை.

3. கடவுச்சொல்

கல்லூரியில் சேரும் மாணவருக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கப்படும். அவற்றைக் கொடுத்தே வலையமைப்பினுள் நுழையலாம். எந்தப் பெயரில், எந்த நேரத்தில், எங்கிருந்து நுழைந்தார் என்பது பதிவாகலாம்.

"சிநேகிதன் கேட்டான், குடுத்தன்" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. எமது அடையாள அட்டையை இன்னொருவர் கையில் கொடுத்துச் சோதனைச் சாவடிக்கு அனுப்புவோமா? அந்த நாட்களைக் கண்ட எவரும் அதைச் செய்யமாட்டார். கடவுச்சொல்லைக் கொடுப்பதும் அதுதான். நண்பர் செய்யும் பிழை உங்கள் பிள்ளையின் பெயரில் பதிவாகும். தன்னை நம்பி ஒப்படைத்த கடவுச்சொல்லை அனுமதியின்றி வெளியிடுவது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றமுமாகும்.

திருடர்கள் கதவை உடைத்துத்தான் வருவார்கள் என்றில்லை. "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, கடவுச்சொல்லை அனுப்புங்கள்" என்று ஒரு கடிதம் வரும். "பரிசு விழுந்திருக்கிறது, தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று ஓர் அழைப்பு வரும். இந்த இரண்டாவது அழைப்பு கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் வரும். கடவுச்சொல்லையும் அந்த இலக்கத்தையும் கேட்டு வருபவரை நம்பவேண்டாம்.

4. தீங்கு நினையாமல் செய்த தீங்கு

1988 நவம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்புப் படித்த ரொபேட் மொறிஸ் என்ற மாணவர் சிறிய நிரல் ஒன்றை வலையமைப்பில் விட்டார். ஒரு கணனியிலிருந்து மற்றதற்குத் தானாகப் பரவக்கூடிய நிரல் அது. எதையும் அழிக்கும்படி அவர் எழுதவில்லை. ஆனால் அது அவர் நினைத்ததைவிட வேகமாகப் பெருகிற்று. இலகுவாக ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களை ஊகித்தும் உள்ளே நுழைந்தது. ஏறக்குறைய 6,000 கணனிகள் முடங்கின என்று அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டொலர் தண்டமும் விதித்தது. பின்னர் அவர் பேராசிரியரானார். தவறியவருக்கு மீள வழி கிடைத்தது நல்லதே. ஆயினும் "விளையாட்டுக்குச் செய்தேன்" என்பது முடங்கிய கணனிகளுக்கு மருந்தாகாது.

எமது நாட்டுச் சட்டமும் இவ்விடயத்தில் கடுமையானது. அனுமதியின்றி இன்னொருவரின் கணனியினுள் நுழைவதற்கு மட்டுமே ஐந்து ஆண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ கிடைக்கலாம். எதையும் எடுக்கவில்லை, அழிக்கவில்லை என்றாலும் நுழைந்ததே குற்றம்.

5. ஒரே பிரதியில் வைத்த வாழ்வு

இனிச் சொல்வது எமது தவறு. சில ஆண்டுகளுக்கு முன் இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணி விபரங்களைத் திரட்டினோம். உறுதி இலக்கம், எல்லைகள், பரப்பு, பங்குக் கிணறு என எல்லாவற்றையும் கணனிப் பயிற்சிக் கூடம் ஒன்றில் மாணவர்களைக் கொண்டு பதிவு செய்தோம். ஒருநாள் ஒரு மாணவர் வெளியிலிருந்து கொண்டுவந்த பென்டிரைவைச் செருகினார். அதிலிருந்த வைரஸ் கூடத்திலிருந்த எல்லாக் கணனிகளுக்கும் பரவியது. எமது பட்டியல் திறக்கவே இல்லை. வேறு பிரதி எம்மிடம் இருக்கவில்லை.

நாம் மீண்டும் வீடு வீடாகப் போனோம். ஓர் அம்மா எம்மை இருத்தித் தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: "போன முறையும் இதெல்லாம் சொன்னனான், பாதர். காணி ஒருக்கால் போச்சு. இப்ப காகிதத்திலையும் போகுதோ?"

அந்த மாணவர்மேல் நாம் கோபிக்கவில்லை. பென்டிரைவைச் சோதிக்காமல் செருகக்கூடாது என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரதி எடுத்து வைக்காதது எமது பொறுப்பின்மை.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசின் கணனிச் சேவையில் தீய நிரல் ஒன்று புகுந்து கோப்புகளைப் பூட்டியது. அரச அலுவலகங்களின் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குப் பிரதி இல்லாததால் அவை மீளவில்லை. மென்பொருள் பழையதாகவும் புதுப்பிக்கப்படாமலும் இருந்ததும் ஒரு காரணம். விதை வெங்காயம் முழுவதையும் ஒரே கொட்டிலில் கட்டித் தூக்குவோமா? முக்கியமான கோப்பை மூன்று பிரதிகளாக வைத்திருக்கவேண்டும். அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில், வலையமைப்போடு தொடுக்காமல் இருக்கவேண்டும்.

6. மற்றவரின் மானம்

வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது பகிடிவதையும் இணையத்துக்குப் போகலாம் என்பதைக் கண்டோம். இரவில் தொலைபேசியில் மிரட்டுவதும், ஒரு பெண்பிள்ளையின் படத்தை அவள் அறியாமல் பரப்புவதும் கையால் அடிப்பதைவிடக் குறைந்த கொடுமை அல்ல. அடித்த காயம் ஆறும். பரவிய படத்தைத் திருப்பி அழைக்க முடியாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் மனத்துக்கு ஏற்படுத்தும் வேதனையையும் அச்சத்தையும் குற்றமாகவே கொள்கிறது.

கல்லூரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. கணனிக் கூட ஒழுங்குகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், பிள்ளை வாசிக்காமலே கையெழுத்து வைக்கும். ஒழுங்குகள் தமிழிலும் இருக்கவேண்டும். மாணவரைப் பற்றி என்னென்ன பதியப்படுகிறது, அவற்றை யார் பார்க்கலாம் என்பதும் சொல்லப்படவேண்டும். பெயர்ப் பதிவு என்றாலே அஞ்சி வாழ்ந்த மக்கள் நாம். எமது விபரங்களைத் திரட்டுவோருக்குக் கடமைகளை விதிக்கும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேற்றப்பட்டது. பொறுப்பு என்பது மாணவரிடம் மட்டும் கேட்கப்படும் ஒன்றாக இருக்கலாகாது.

7. வீட்டில் கேட்கவேண்டிய கேள்விகள்

பிள்ளை வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது இவற்றைக் கேளுங்கள்:

– உன் கடவுச்சொல் வேறு யாருக்காவது தெரியுமா? வேலை முடிந்ததும் கணனியில் உன் பெயரை மூடிவிட்டு எழும்புகிறாயா?

– உன் பாட வேலையின் பிரதி வேறு எங்கே இருக்கிறது?

– மற்றவர் எழுதியதை எடுத்தால் அவர் பெயரைக் குறிப்பிடுகிறாயா?

– உன்னை எவராவது மிரட்டுகிறார்களா? நீ எவரையாவது மிரட்டுகிறாயா?

பதில்கள் முழுவதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் இதைக் கேட்பார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கிணற்றுப் பங்கை நேர்மையாக அனுபவித்த தகப்பனும் தாயும் இதைக் கேட்க முழுத் தகுதி உள்ளவர்கள்.

குழுவாகக் கலந்துரையாட:

1. உங்கள் ஊரில் பங்குக் கிணற்றுக்கு இருந்த ஒழுங்குகள் எவை? அவற்றுள் எவை கணனிக் கூடத்துக்கும் பொருந்தும்?

2. உங்கள் குடும்பத்தின் முக்கிய ஆவணங்களுக்குப் பிரதிகள் உள்ளனவா? அவை எங்கே, யாரிடம் உள்ளன?

3. உங்கள் பிள்ளை படிக்கும் இடத்தின் கணனி ஒழுங்குகள் எந்த மொழியில் உள்ளன? தமிழில் கேட்டு எழுத உங்கள் குழு முன்வருமா?

செயல்: அடுத்த கூட்டத்துக்கு முன், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றைப் பிள்ளைகளின் உதவியோடு படம் எடுத்து, ஒரு பிரதியைக் கடதாசியிலும் ஒன்றை வேறோர் இடத்திலும் பாதுகாப்பாக வையுங்கள். படம் எடுத்த தொலைபேசிக்குப் பூட்டுப் போட மறக்கவேண்டாம்.